நானூற்றுப் பதினொரு நாட்களும் ஒரு வளையமும்

எங்கள் ஊர்க் கருணை மருத்துவமனையின் அவசரப் பிரிவு வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு மின்பலகை தொங்குகிறது. 'வன்முறை இல்லாத நாட்கள்' என்று மேலே எழுத்து, கீழே எண். சென்ற பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அதில் 411 என்று இருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன் அது பூஜ்யம் ஆனது. ஆக்கியவள் நான்.

அதற்காக நீதிபதி என்னை ஆறு வாரம் 'கோபத்தை வெல்வோம்' வகுப்புக்கு அனுப்பினார். வகுப்பு முடியும்போது, நடந்ததை என் சொந்த வார்த்தைகளில் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். எழுதுகிறேன். மன்னிப்புக் கடிதம் எதிர்பார்ப்பவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொண்டு வேறு வேலை பார்க்கலாம்.

என் பெயர் டோனா பாவ்லுக். சுப்பீரியர் ஏரிக்கரையில், போர்ட் கின்செலாவில், பத்தொன்பது வருடமாக உடம்பில் துளை போடும் கடை வைத்திருக்கிறேன். காது, மூக்கு, தொப்புள், அப்புறம் வெளியே சொல்லாத இடங்கள். வெளியே சொல்லாத இடங்களுக்கு யார் வருவார்கள் என்று நீங்கள் நினைக்கிறீர்களோ, அவர்கள் வருவதில்லை. தேவாலயத்தில் பியானோ வாசிப்பவர் வருவார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை வருவார். ஜனவரி கடைசியில் ரெய்னோ காங்காஸ் வந்தான்.

ரெய்னோ நெடுஞ்சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன். நாற்பத்தாறு வயது. ஆறடிக்கு மேல் உயரம், நாளைக்கு இருபது வார்த்தைக்கு மேல் பேச மாட்டான். ஃபின்லாந்திலிருந்து வந்த குடும்பம். அந்த இருபது வார்த்தையே அவன் வீட்டில் அதிகம். ஆண்குறியின் நுனியில் ஒரு வளையம் வேண்டும் என்று தரையைப் பார்த்தபடி சொன்னான். ஏன் என்று நான் யாரையும் கேட்பதில்லை. அவனாகவே சொன்னான்.

"முப்பது வருஷமா எல்லாத்தையும் மத்தவங்க சொன்னபடியே செஞ்சுட்டேன் டோனா. இது ஒண்ணாவது என் இஷ்டத்துக்கு இருக்கட்டும்."

போட்டுவிட்டேன். சுத்தமான டைட்டானியம் வளையம், இரண்டு முனையிலும் சின்ன குண்டு. ஆறிலிருந்து எட்டு வாரத்தில் ஆறிவிடும், சொன்னபடி கேட்டால். சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னேன். கை கழுவாமல் தொடக் கூடாது. காலையும் மாலையும் உப்புத் தண்ணீர். சாராயம், பெராக்சைடு எதுவும் ஊற்றக் கூடாது, கிருமியோடு புதுத் தோலும் செத்துவிடும். ஆஸ்பிரின் போட்டால் ரத்தம் நிற்காது. இறுக்கமான உள்ளாடை வேண்டாம். ஏரி, நீச்சல்குளம், வேர்க்க வேர்க்க உட்காரும் நீராவி அறையான சவுனா மூன்றும் கூடவே கூடாது.

கடைசியில் சொன்னதைக் கேட்டதும் அவன் முகம் விழுந்துவிட்டது. சனிக்கிழமை சவுனாவுக்குள் போய் வேர்க்காத ஃபின்லாந்துக்காரனை அவன் வீட்டார் செத்தவர் கணக்கில்தான் சேர்ப்பார்கள். முதல் சனிக்கிழமை ஜலதோஷம் என்று சொல்லித் தப்பித்தான். ஜலதோஷத்துக்கு சவுனாதான் மருந்து என்றாள் மாமியார் ஐலா. இரண்டாம் சனிக்கிழமை முதுகுவலி என்றான். அதற்கும் அதே மருந்து. மூன்றாம் சனிக்கிழமை மாமியாரின் எண்பதாவது பிறந்தநாள். காரணத்தைச் சொல்வதற்குச் சாவதே மேல் என்று இடுப்பில் துண்டோடு உள்ளே போய் உட்கார்ந்தான். அதோடு விட்டானா? எல்லோரும் போகிறார்களே என்று ஏரியில் பனிக்கட்டியை அறுத்து வைத்திருந்த குழியிலும் போய் முங்கினான்.

செவ்வாய்க்கிழமை காலை கடை வாசலில் வந்து நின்றபோது அவனுக்குக் காய்ச்சல் கொதித்தது.

"ஐஸ் தண்ணியில கிருமி இருக்காதுன்னு நெனச்சேன்," என்றான்.

"நெனச்சியா? மீன் உயிரோட இருக்குதுல்ல, கிருமி மட்டும் குளிர்ல செத்துருமா?" என்று திட்டிக்கொண்டே கையுறை போட்டுப் பார்த்தேன். வீக்கம், சிவப்பு, மஞ்சள் சீழ். சிவப்பு மெல்ல மேலே ஏறத் தொடங்கியிருந்தது. இது என் கையில் இல்லை. ஏழு நாள் மாத்திரை வேண்டும், அதை எழுதித் தர ஒரு டாக்டர் வேண்டும்.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்க. என்ன ஆனாலும் வளையத்தைக் கழட்ட விடாதே. அது இருக்கற வரைக்கும் சீழ் வெளிய வரும். கழட்டினா தோல் மூடிக்கும், சீழ் உள்ளயே தங்கிடும். அப்புறம் கத்திதான்."

"எங்கயாவது வேற ஊருக்குப் போயிடலாமா?"

போகலாம்தான். அடுத்த ஊர் இரண்டு மணி நேரம். ஆனால் பனி கொட்டி நெடுஞ்சாலையை மூடியிருந்தார்கள். அந்தச் சாலையைச் சுத்தம் செய்ய வேண்டியவன் ரெய்னோதான். எனவே கருணை மருத்துவமனைக்குப் போனோம்.

வாசலில் உலோகம் கண்டுபிடிக்கும் சட்டகம். பக்கத்தில் காவலர் டுவைன். சாவிக்கொத்தைத் தட்டில் போட்டுவிட்டு நான் நுழைந்தபோது அது கத்தவில்லை. ரெய்னோ நுழைந்தபோது கத்தியது. சாவி, பெல்ட், பணப்பை எல்லாவற்றையும் தட்டில் போட்டுவிட்டு மறுபடி நுழைந்தான். மறுபடியும் கத்தியது.

"உள்ள என்ன வெச்சிருக்கீங்க சார்?" என்றார் டுவைன்.

ரெய்னோ அவர் காதருகே குனிந்து சொன்னான். டுவைன் கொஞ்சம் யோசித்தார். பிறகு காத்திருந்த இருபது பேருக்கும் கேட்கும்படி தோளில் இருந்த கருவியில் பேசினார்.

"வாசல்ல ஒரு ஆண். உடம்புல மறைச்சு வெச்ச உலோகப் பொருள். இடம், கால்சட்டைக்குள்ள முன்பக்கம்." பிறகு பச்சை டப்பா ஒன்றை நீட்டினார். "அதைக் கழட்டி இதுல போடுங்க சார்."

"முடியாதுங்க," என்றான் ரெய்னோ. அவன் குரலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். நூலகத்தில் புத்தகம் திருப்பிக் கொடுக்கிறவன்கூட அதைவிடச் சத்தமாகப் பேசுவான்.

"வாய்மொழி எதிர்ப்பு," என்று டுவைன் கருவியில் சொன்னார்.

மருத்துவமனைகளில் ஆபத்தை அறிவிக்க, நெருப்புக்கு ஒரு நிறம், குழந்தை காணாமல் போனால் ஒரு நிறம் உண்டு. முரட்டு ஆள் வந்தால் வெள்ளை. கூரை ஒலிபெருக்கியிலிருந்து ஒரு பெண் குரல், தேநீருக்கு அழைப்பதுபோல, "வெள்ளை, அவசரப் பிரிவு வாசல், வெள்ளை" என்று மூன்று முறை சொன்னது. ஆறு பேர் ஓடி வந்தார்கள். எல்லோர் மார்பிலும் 'நான் கனிவானவன், என்னிடம் பேசுங்கள்' என்று ஒரு வில்லை.

ரெய்னோ இரண்டு கையையும் மேலே தூக்கினான். ஒருவர் அந்தக் கைகளைப் பிடித்துப் பின்னால் முறுக்கினார். இன்னொருவர் காலைத் தட்டிவிட்டார். ஆறடி ஆள் முகம் தரையில் பட விழுந்தான்; மூக்கு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. ஒருவர் முதுகில் முழங்காலை ஊன்றினார். இன்னொருவர் அவன் தலையைத் தரையோடு சேர்த்து அழுத்தியபடி, "இங்க வன்முறைக்கு எடமில்ல சார், நாங்க எல்லாரும் உங்க நல்லதுக்குத்தான் இருக்கோம்," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். விழுந்ததில் வளையம் அவனுக்குள் எங்கே எப்படி இழுபட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். அவன் போட்ட சத்தத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை.

"யோவ், அவன் மூக்கை ஒடைச்சிட்டீங்க!" என்று கத்தினேன்.

"அது பணிவான வழிநடத்தல் மேடம்," என்றார் டுவைன் மூச்சிரைக்க.

நான் பலகையைப் பார்த்தேன். 411.

அவனைச் சக்கரக் கட்டிலில் ஏற்றி, கை கால் நான்கையும் தோல் வாரால் கட்டி, நான்காம் எண் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கட்டிய வாரில் 'அரவணைப்பு' என்று நூலால் தைத்திருந்தது. நான் அவனுக்கு அக்கா என்று பொய் சொல்லி உள்ளே போனேன். செவிலி மேவிஸ் ஒக்கிமா மட்டும் பஞ்சை எடுத்து அவன் மூக்கைத் துடைத்துவிட்டாள். ஐம்பது வயது, சுருக்கமான பேச்சு. அந்தக் கட்டடத்தில் அன்று நான் பார்த்த ஒரே மருத்துவம் அதுதான்.

டாக்டர் ஆல்டஸ் வந்தார். இளைஞர். மூன்று அடி தள்ளி நின்றபடியே பார்த்தார்.

"தொற்று. மாத்திரை குடுக்கணும்," என்றார்.

எனக்கு உயிர் வந்தது. "அதேதாங்க டாக்டர். அதுக்குத்தான் வந்தோம்."

"ஆனா உடம்புல அன்னியப் பொருள் இருக்கற வரைக்கும் மாத்திரை எழுத கம்ப்யூட்டர் விடாது. முதல்ல அதை எடுக்கணும்."

"எடுத்தா ஓட்டை மூடிக்கும் டாக்டர். சீழ் உள்ளயே கட்டிக்கும். இப்ப அதுதான் வடிகால்."

"நீங்க டாக்டரா?"

"இல்ல. குத்தறவ. இந்த இடத்துல மட்டும் ஐந்நூறு பேருக்கு மேல குத்தியிருக்கேன். நீங்க இதுவரைக்கும் எத்தனை பார்த்திருக்கீங்க?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இப்ப பார்த்துட்டிருக்கறதையும் சேர்த்தா?"

மேவிஸ் திரும்பி நின்று சிரித்தாள். டாக்டர் பேச்சை வேறு பக்கம் திருப்பினார். காந்தம் உள்ள படமெடுக்கும் கருவிக்குள் வைத்தால் வளையம் பிய்த்துக்கொண்டு போகும், ஆகவே ஆபத்து என்றார். படம் எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது என்று, என் சாவிக்கொத்தில் தொங்கிய காந்தத்தை எடுத்துக் காட்டினேன். வளையம் அசையவில்லை. அது மருத்துவமனை அங்கீகரித்த காந்தம் இல்லை என்றார்.

அந்த வளையத்தின் குண்டை இரண்டு விரலால் திருகினால் ஐந்து நொடியில் கழன்றுவிடும். யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பத்தரை மணிக்கு துணைத் தலைவர் கிரஹாம் டாலிவர் வந்தார். அவர் பதவியின் முழுப் பெயர் 'வன்முறையற்ற பண்பாட்டுக்கான துணைத் தலைவர்'. நல்ல கம்பளிக் கோட்டு, வெள்ளை முடி, எல்லோருக்கும் கைகுலுக்கல். கட்டிப் போட்டிருந்த ரெய்னோவின் கையையும் தேடிப் பிடித்துக் குலுக்கினார்.

"நானூத்திப் பதினோரு நாள் மிஸ்டர் காங்காஸ்," என்றார். "மாகாணத்துலயே நாமதான் முதல். நான் வந்தப்ப இந்த ஆஸ்பத்திரியில வருஷத்துக்கு அறுபத்திமூணு பேருக்கு அடிபட்டுச்சு. எலும்பு முறிவு, பல் ஒடையறது, சொல்லவே கூச்சமா இருக்கு. இப்ப ஒண்ணு கூடக் கிடையாது. என்ன செஞ்சீங்கன்னு எல்லாரும் கேக்கறாங்க. எளிமையான விஷயம். படிவத்தை மாத்தினேன்."

"அடி விழறது நின்னுச்சா?" என்றேன்.

"அந்தக் கேள்வியே பழைய படிவத்துல இருந்ததும்மா. 'தாக்குதல்'னு ஒரு கட்டம். அதை எடுத்துட்டேன். இப்ப 'திட்டமிடாத தொடர்பு'ன்னு ஒரு கட்டம் இருக்கு. அதை நிரப்பினா கூடவே பதினெட்டுப் பக்கம் நிரப்பணும். யாரும் நிரப்பறதில்ல. மனுஷனுக்குள்ள அடிப்படையில அமைதி இருக்குங்கறதுக்கு வேற என்ன ஆதாரம் வேணும்?"

சொல்லும்போது அவர் கண் கலங்கியது. பொய்யில்லை, அந்த மனிதர் உண்மையாகவே நம்பினார்.

"பலகையில பூஜ்யம் வந்தா இந்த ஊழியர்கள் மனசு ஒடைஞ்சு போயிரும். அதனால, ஆயுதம்னு சொல்லப்படற அந்தப் பொருளை இப்பவே எடுத்துடலாம் டாக்டர்."

விரலில் மாட்டிக்கொண்ட மோதிரத்தை அறுப்பதற்கு மருத்துவமனைகளில் ஒரு கருவி இருக்கும். கையால் சுற்றினால் சின்னச் சக்கரம் சுழலும். தங்கத்தை வெட்டும், வெள்ளியை வெட்டும். டைட்டானியத்தை வெட்டாது. அதையும் சொன்னேன். டாக்டர் ஆல்டஸ் கையால் சுற்றுவதை விட்டு, மின்சாரத்தில் ஓடுவதைக் கொண்டுவரச் சொன்னார். டுவைன் ரெய்னோவின் தோளை அழுத்தினார். டாலிவர், தன் பண்பாடு செயல்படுவதை அருகில் பார்க்கக் குனிந்தார்.

"டோனா," என்றான் ரெய்னோ. "எனக்கு இதெல்லாம் வேண்டாம்னு அவங்ககிட்ட சொல்லேன். நான் சொன்னா எதிர்ப்புங்கறாங்க."

சக்கரம் வளையத்தைத் தொட்டதும் பொறி பறந்தது. சூடு ஏறியது. ரெய்னோ துள்ளினான். சக்கரம் வெடித்து மூன்று துண்டாகச் சிதறியது. ஒரு துண்டு கூரையில் குத்திட்டு நின்றது. ஒன்று உப்புநீர்ப் பையைக் கிழித்தது. மூன்றாவது டாலிவரின் நெற்றியில் பாய்ந்தது. ரத்தம் அவர் கண்ணில் வழிந்து, வெள்ளைச் சட்டையில் இறங்கி, என் காலணி வரை தெறித்தது. யாரோ தாக்கிவிட்டார்கள் என்று டுவைன் சட்டென்று திரும்பியதில் அவர் முழங்கை மேவிஸின் தாடையில் இடித்தது. அவள் சரிந்தபோது பிடித்த ஆக்சிஜன் உருளை, டாக்டர் ஆல்டஸின் பாதத்தில் விழுந்தது. இரண்டு விரலாவது உடைந்திருக்கும். ஒரே நேரத்தில் நான்கு பேர் அலறினார்கள். ஒருவன் மட்டும் வெளியே சத்தம் வராமல் அழுதான், அவன்தான் நோயாளி.

வளையத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?" என்றார் டாலிவர், கண்ணில் வழிந்த ரத்தத்தைத் துடைத்தபடி.

"உங்களுக்குத் தையல் போடணும் சார்," என்றார் டாக்டர் ஒற்றைக் காலில் நின்று. "ஆனா தையல் போட்டா பதிவேட்டுல எழுதணும். எழுதினா காரணம் கேக்கும்."

டாலிவர் மேசையில் குழந்தைகளுக்காக வைத்திருந்த ஒட்டுவில்லைகளில் ஒன்றை எடுத்து நெற்றியில் ஒட்டிக்கொண்டார். அதில் ஒரு கரடி, 'இன்று நான் தைரியமாக இருந்தேன்' என்று சொல்லிக்கொண்டிருந்தது. டாக்டர் காலணியை இறுக்கக் கட்டிக்கொண்டார். மேவிஸ் வாயிலிருந்து ஒரு பல்லை எடுத்துப் பார்த்து, சட்டைப் பையில் போட்டாள்.

"உலோகத்தை வெட்ட முடியலை," என்று டாக்டர் ஆல்டஸ் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். "அப்ப மிச்சம் ஒரே வழிதான். அதைச் சுத்தி இருக்கறதை வெட்டி எடுக்கலாம். சின்னத் துண்டுதான். அரை மணி நேரத்துல அறையைத் தயார் பண்றேன்."

டாலிவர் ரெய்னோவின் தோளைத் தட்டினார். "உங்க ஒத்துழைப்புக்கு நன்றி மிஸ்டர் காங்காஸ்." மூவரும் வெளியே போனார்கள், ஒருவர் நொண்டிக்கொண்டும் ஒருவர் ரத்தம் சொட்டிக்கொண்டும்.

அறையில் நான், ரெய்னோ, மேவிஸ். ரெய்னோவின் நெற்றியில் கை வைத்தேன். காய்ச்சல் ஏறியிருந்தது. இடுப்புவரை சிவப்பு வந்துவிட்டது. அவன் பல் கிட்டித்துப் போயிருந்தது. பத்தொன்பது வருடத்தில் என் கையில் துளை போட்டுக்கொண்ட ஒருவன் இப்படிக் கிடந்து நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் எனக்குக் கூடவே ஆத்திரமும் வரும், அது என் பிறவிக் குணம்.

குண்டைத் திருகிக் கழற்றிக் கொடுத்துவிடலாம். கத்தியாவது வராது. ஆனால் அந்த மாத்திரையை இவர்கள் இன்றைக்குள் கொடுப்பார்களா? இன்னும் எத்தனை படிவம் இருக்கிறதோ. அதற்குள் தோல் மூடி, சீழ் உள்ளே இறங்கி, ரத்தத்தில் கலந்துவிட்டால் போவது துண்டு அல்ல, ஆள். கையுறையை எடுத்தேன். திரும்பக் கீழே வைத்தேன்.

அப்போதுதான் மேவிஸ் சுவரில் ஒட்டியிருந்த ஒரு தாளைப் படிக்கத் தொடங்கினாள். எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. தாடை வீங்கியிருந்ததால் மெதுவாகப் படித்தாள்.

"வளாகத்துக்குள்ள வன்முறைக்கு ஆளான நபருக்கு, பதினஞ்சு நிமிஷத்துக்குள்ள சிகிச்சை. உலோகச் சோதனை கிடையாது. படிவம் கிடையாது. கம்ப்யூட்டர் தேவையில்ல. செவிலியே மருந்தை எடுத்துக் குடுக்கலாம்." நிறுத்தினாள். "இந்த அலமாரியோட சாவி என்கிட்டதான் இருக்கு. நானூத்திப் பதினோரு நாளா யாரும் தொறக்கலை."

"அவனை அவங்க அடிச்சாங்களே," என்றேன்.

"ஊழியர் அடிச்சா அது வழிநடத்தல். வெளி ஆள் அடிச்சாத்தான் வன்முறை." விரலால் தாளில் இன்னும் கீழே இறங்கினாள். "குத்துக்கு ஐஸ். கீறலுக்குக் கட்டு. மனுஷப் பல் பட்டு ரத்தம் வந்தா... ஏழு நாள் மாத்திரை. உடனே முதல் வேளை." ரெய்னோ பக்கம் திரும்பினாள். "உங்களுக்குப் பென்சிலின் ஒத்துக்குமா?"

"ஒத்துக்கும்," என்றான் அவன் குழம்பி.

"நல்லது. நான் பஞ்சு எடுத்துட்டு வரேன்," என்று மேவிஸ் முதுகைக் காட்டி நின்றாள்.

நான் கருவிகளை வேகவைத்து, உறை போட்டு, ஒரு ஊசியை ஒரு முறைக்கு மேல் தொடாமல் பத்தொன்பது வருடம் தொழில் செய்தவள். மனித வாயைவிட அழுக்கான இடம் உடம்பில் இல்லை என்று கடைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் பாடம் எடுப்பவள். அதை அப்போது நினைத்தேன். வேறு வழியையும் தேடினேன். கிடைக்கவில்லை.

"ரெய்னோ, உன்னைக் கடிக்கப் போறேன். சரியா?"

அவன் என்னைப் பார்த்தான். மேவிஸின் முதுகைப் பார்த்தான். சுவரில் இருந்த தாளைப் பார்த்தான். பேசாத ஆள் என்பதால் முட்டாள் இல்லை.

"எந்த எடத்துல?" என்றான்.

"முன்கையில, சதை இருக்கற பக்கமா. மூட்டுல கடிச்சா எலும்பு வரைக்கும் கெட்டுப்போகும்."

"சரி."

துளை போடும்போது நான் என்ன சொல்வேனோ அதையே சொன்னேன். "மூச்சை நல்லா இழு. மெதுவா விடு." அவன் விடும்போது கடித்தேன். தோல் நான் நினைத்ததைவிடக் கெட்டி. ஒரு முறை போதவில்லை. இரண்டாவது முறை முழு பலத்தோடு பல்லை இறக்கினேன். வாயில் உப்பும் இரும்பும் டீசல் வாடையும் சேர்ந்து வந்தது. ரத்தம் தாடையில் வழிந்தது.

"வன்முறை," என்றாள் மேவிஸ் நிதானமாக, சிவப்புப் பொத்தானை அழுத்தி.

அந்த நிமிடமே கருணை மருத்துவமனை கருணை காட்டத் தொடங்கியது. விளக்குகள் மங்கலாயின. வார்களை அவிழ்த்தார்கள். ரெய்னோவுக்குச் சூடான கம்பளி வந்தது, பழச்சாறு வந்தது, ஒரு கரடிப் பொம்மை வந்தது, ஆறுதல் சொல்ல ஒரு பெண் வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆறாவது நிமிடத்தில் முதல் மாத்திரை வாய்க்குள் போனது. மிச்சத்தை ஒரு பையில் போட்டு மேவிஸ் அவன் மடியில் வைத்தாள். வளையத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பாதிக்கப்பட்டவரின் உடைமை, தொடக் கூடாதாம்.

என்னைச் சுவரோடு அடித்தார்கள். விலா ஒன்று விரிசல் விட்டது. டுவைன் கையைப் பின்னால் முறுக்கும்போது, "இங்க வன்முறைக்கு எடமில்ல மேடம்," என்றார். இந்த முறை அவர் குரல் நடுங்கியது. வாசல் வழியாக இழுத்துப் போகும்போது பலகையில் எண் மாறியது. ஊழியர்கள் சிலர் நிஜமாகவே அழுதார்கள். நான் வாயில் ரத்தத்தோடு, அறையைப் பார்த்துக் கத்திக்கொண்டே போனேன்.

"ஏழு நாளும் முழுசா சாப்பிடணும் ரெய்னோ! நடுவுல நிறுத்தினே, கொன்னுடுவேன்! உப்புத் தண்ணி ரெண்டு வேளை! கைக்கும்தான்! சவுனா கிடையாது!"

அதில் 'கொன்னுடுவேன்' என்றதைத் தனிக் குற்றமாக எழுதிக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை அவனுக்குக் காய்ச்சல் விட்டது. அடுத்த வாரம் நெடுஞ்சாலை திறந்தது. வளையம் வைத்த இடத்திலேயே இருக்கிறது, இப்போது ஆறிவிட்டது. கையில் என் பல்வரிசை அழகான தழும்பாக நிற்கிறது. மாமியார் ஐலாவுக்குக் கதை முழுதும் தெரிந்துவிட்டது. எட்டு வாரம் சவுனா கூடாது என்று முதலிலேயே சொல்லியிருந்தால் தனக்குப் புரிந்திருக்காதா என்று கோபித்துக்கொண்டு, எனக்கு ஏலக்காய் ரொட்டி அனுப்பினாள்.

கோபத்தை வெல்லும் வகுப்பை நடத்தியவர் டாலிவர். வெள்ளிக்கிழமை மாலைகளில், மருத்துவமனையின் அடித்தளத்தில், பன்னிரண்டு நாற்காலிகள் போட்டு. கரடி வில்லையை அவர் கழற்றவே இல்லை. முதல் வாரம் கரடியைச் சுற்றி லேசாகச் சிவந்திருந்தது. மூன்றாவது வாரம் கரடி வீங்கியிருந்தது. ஐந்தாவது வாரம், அமைதியைப் பற்றிப் பேசும்போது அவருக்கு ஒரு கண் சரியாகத் திறக்கவில்லை.

இடைவேளையில் எல்லோரும் காப்பிக்குப் போனதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். உடம்பு நெருப்பாகச் சுட்டது, தொடாமலே தெரிந்தது.

"மிசஸ் பாவ்லுக், அந்த உப்புத் தண்ணி... எவ்வளவு உப்பு போடணும்?"

"ஒரு கோப்பை கொதிச்சு ஆறின தண்ணிக்குக் கால் தேக்கரண்டி. ஆனா அது முதல் வாரம் செஞ்சிருக்கணும். இப்ப உங்களுக்கு மாத்திரை வேணும். மாடிக்குப் போயி வாங்கிக்குங்க."

"எந்தக் காயத்துக்குன்னு சொல்லி வாங்கறது?" என்றார். அவருக்கு எந்தக் காயமும் பட்டிருக்கவில்லையே. "பலகை இப்ப முப்பத்தி எட்டுக்கு வந்திருக்கு. ரொம்பக் கஷ்டப்பட்டுக் கொண்டுவந்திருக்கோம்."

இந்தக் கட்டுரையைத் திருத்தப் போகிறவரும் அவர்தான். தாராளமாகத் திருத்தட்டும். அன்று நான் அவரைப் பார்த்துச் சிரிக்கத்தான் நினைத்தேன், ஆனால் ரெய்னோவின் முகத்தில் பார்த்த அதே பயம் இந்த முகத்திலும் இருந்தது. அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"மேவிஸ் இன்னிக்கு மாலை வேலையிலதான் இருக்கா," என்றேன். "கடிக்கவா?"

டாலிவர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, இடது கைச் சட்டையை மடிக்க ஆரம்பித்தார்.